செம்மண் கட்டிய பருப்பு: பழைய திருகையைச் சரிசெய்து துவரை உடைத்த அனுபவம்

போன தை மாதக் கடைசியில் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரக் களத்தில் ஓர் அண்ணன் காய்ந்த செடிகளைக் கழியால் அடித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தார்ப்பாயில் குவிந்து கிடந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தேன். செம்பழுப்பு நிறத்தில் உருண்டை மணிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு சின்னக் கண்.

"என்ன பயறுங்கண்ணா இது?" என்று கேட்டேன்.

"தொவரைம்மா. சாம்பாருக்குப் போடறீங்களே, அதுதான்" என்றார்.

கல்யாணமாகி 19 வருஷமாக, வாரத்தில் ஐந்து நாளாவது துவரம் பருப்பு வேகவைக்கிறேன். வேகும் வாசனையை வைத்தே புதுப் பருப்பா பழசா என்று சொல்லிவிடுவேன். ஆனால் தோலோடு பார்த்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. அந்தக் களத்தில் நின்றபடி எனக்கு நிஜமாகவே மனசு சங்கடப்பட்டது. கிலோ 100 ரூபாய் என்று 10 கிலோ வாங்கிக்கொண்டேன். வீட்டில் உடைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சமையலறை டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த பருப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டலம் கட்டிய இடத்தின் முகவரி இருந்தது. விளைந்த இடம் எங்கும் இல்லை. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "குல்பர்கா பருப்பும் வரும், பர்மாவிலிருந்து லெமன் துவரையும் வரும், ஆப்பிரிக்காச் சரக்கும் வரும். மில்லில் உடைத்து எங்களுக்கு வரும்போது எல்லாம் பருப்புதான்" என்றார். உலகத்திலேயே அதிகமாகத் துவரை விளைவதும் நம் நாட்டில்தான், அதிகமாகச் சாப்பிடுவதும் நாம்தான். விளைவது போதாமல் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா, மலாவி என்று வெளியிலிருந்தும் வாங்குகிறோம். 2015இல் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். அடுத்த வருஷம் ஜூலையில் மொசாம்பிக்கோடு பருப்புக்காக ஓர் ஒப்பந்தமே போட்டார்கள். அந்த 200 ரூபாய் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது பாசிப் பருப்புக்கு மாறினோம். அந்த விலைக்குப் பின்னால் எந்த மண்ணில் மழை பொய்த்தது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கைப்பிடி துவரையை அப்படியே மிக்சியில் போட்டு விட்டு விட்டு ஓட்டினேன். பாதி மாவாகிவிட்டது, மீதி தோலோடு இரண்டாகப் பிளந்திருந்தது. உளுந்து, பாசிப்பயறு மாதிரி இதை நினைக்கக்கூடாது என்று அத்தை சொன்னார். அத்தை என்றால் என் மாமியார், வயது 74. துவரையின் தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் பசை போல ஒரு படலம் இருக்கிறது, அது விட்டால்தான் தோல் கழலும். அதற்குத்தான் ஊறவைத்து, மணிகள் மேல் செம்மண்ணைப் பூச்சாகக் கட்டி, காயவைத்து, அப்புறம் ஏந்திரத்தில் உடைப்பார்களாம். எங்கள் பக்கத்தில் திருகையை ஏந்திரம் என்றுதான் சொல்வார்கள்.

"நம்ம ஏந்திரம் ஊர்லதான கிடக்குது, எடுத்தாரச் சொல்லு" என்றார் அத்தை.

ஊர் வீட்டில் அதன் கீழ்க்கல் குழாயடியில் பாதி மண்ணுக்குள் இருந்தது. மேல்கல் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமலிருக்கப் பாரமாகக் கிடந்தது. இரண்டையும் கழுவி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மேல்கல்லை எடைபோட்டுப் பார்த்தேன், 18 கிலோ. குறுக்கே ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. பழுது மூன்று இருந்தது. கீழ்க்கல்லின் நடு முளையைக் கரையான் அரித்து, குழிக்குள் தூள்தான் மிச்சம். மேல்கல்லில் கைப்பிடி இல்லை. இரண்டு கல்லின் முகமும் வழவழவென்று தேய்ந்து, விரலை வைத்தால் வழுக்கியது.

முளையில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அது ஒரு நூல் ஆடினாலும் மேல்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். சாய்ந்த பக்கம் மாவாகும், தூக்கின பக்கம் முழுசாக வெளியே வரும். நான் முதலில் கையில் கிடைத்த சவுக்குக் கட்டையைச் சீவி அடித்தேன். இருபது சுற்றுக்குள் தளர்ந்துவிட்டது. பிறகு ஆசாரியிடம் போய்ப் புளிய மரத்தில் கடைந்து வாங்கினேன். காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும், அடிப்பக்கம் குழிக்குள் இறுக்கமாகப் போகிற அளவுக்குச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். குழியை ஆணியால் சுரண்டிச் சுத்தம் செய்து, துடைத்துக் காயவைத்து, முளையை வைத்து மரச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். கடைசியில் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டேன். மரம் ஊறி உப்பிக் கல்லைக் கவ்விக்கொண்டது. வெயில் நாளில் மறுபடி சுருங்கும், அதனால் உபயோகிப்பதற்கு முந்தின நாள் இரவு முளையைச் சுற்றி ஈரத்துணி சுற்றி வைக்கிறேன். இதுவரை ஆடவில்லை. கைப்பிடிக்கு வீட்டுக் கொய்யா மரத்திலிருந்தே ஒரு கிளை.

தேய்ந்த கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்க ஆள் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கேட்ட குரல் எந்த வருஷத்தோடு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. வாரச் சந்தையில் கல் உரல் விற்கிற ஓர் அம்மா வீட்டுக்கே வந்து கொத்திக் கொடுத்தார். இரண்டு கல்லுக்கும் 200 ரூபாய். சின்ன உளி, சின்னச் சுத்தியல், அவ்வளவுதான். விளிம்பிலிருந்து தொடங்கி, உளியைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராகத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். விளிம்பில் புள்ளிகள் நெருக்கமாக, நடுவை நோக்கி வர வர அகலமாக. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார், கண்ணால் பார்க்கவே இல்லை. "மாவுக்குக் கொத்தறது வேறம்மா, பருப்புக்குக் கொத்தறது வேற. ஆழமாக் கொத்தினா நொய்யாப் போயிடும்" என்றார். அந்த ஒரு மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற சோற்றுக்கும் குழம்புக்கும் இந்தக் கைகளோடு ஒரு சம்பந்தம் இருந்திருக்கிறது என்று தோன்றியது. என் அம்மாவின் அம்மி கொத்தப்பட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், ஆனால் நின்று கவனித்ததில்லை.

கொத்திய கல்லை உடனே உபயோகிக்கக் கூடாது. கல்பொடி கலந்துவிடும். இரண்டு முறை அரிசித் தவிடும், ஒரு முறை நொய்யரிசியும் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டோம். மூன்றாவது முறை நொய்யை நாக்கில் வைத்துப் பார்த்தேன், நறநறப்பு இல்லை.

முதல் ஈடு, மாசி இரண்டாம் வாரம். 3 கிலோ எடுத்தேன். இது கெட்டுப்போனது, ஏன் கெட்டது என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

இரவு ஊறவைத்தால் போதும் என்று அத்தை சொல்லியிருந்தார். நன்றாக ஊறினால் தோல் சுலபமாகக் கழலும் என்று நினைத்து மறுநாள் சாயங்காலம் வரை விட்டுவிட்டேன். தண்ணீர் புளித்து வாடை வந்தது, மண் கட்டிக் குவித்து மூடி மூட்டம் போட்டு வைத்ததில் பாதிக்கு மேல் முளை விட்டுவிட்டது. செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஊற்றியது அடுத்த தப்பு. மணிகள் மேல் பூச்சாக ஒட்டாமல், எல்லாம் சேர்ந்து அடையாக இறுகிவிட்டது. மாடியில் பிளாஸ்டிக் விரிப்பில் காயவைத்தேன், அடியில் வேர்த்துப்போய் மேல்பக்கம் மட்டும் காய்ந்தது. உடைத்தபோது மொத்தமும் நசுங்கிக் குருணையாக வந்தது. நல்ல பருப்பு என்று பொறுக்கியது ஒரு கிலோ கூட இல்லை. அந்தக் குருணையை நாலைந்து தடவை அலசி அடைக்குப் போட்டோம். லேசான புளிப்பு அதில் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாம் ஈடு 5 கிலோ, பங்குனி தொடங்கியதும். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

இரவு 9 மணிக்கு ஊறவைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் ஒரு கைப்பிடி மிதந்தது. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை, வண்டு தின்றது. சிலவற்றின் தோலில் வெள்ளைப் புள்ளியாக வண்டு முட்டை ஒட்டியிருந்தது. முழுப் பயறில்தான் வண்டு ஆசையாக முட்டையிடும், உடைத்த பருப்புக்கு அவ்வளவாக வராது. அறுவடை முடிந்த கையோடு வருஷத்துக்கான பருப்பை உடைத்து வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அத்தை சொன்னார். மிதந்ததை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன்.

விடியற்காலை 5 மணிக்கு மூங்கில் கூடையில் வடித்தேன். மணிகள் உப்பி, தோல் இறுகி மினுமினுத்தன. செம்மண் அத்தை ஊர்க் காட்டிலிருந்து வந்தது. மருந்தடிக்காத தரிசில் ஓர் அடிக்குக் கீழே தோண்டி எடுத்து, வெயிலில் காயவைத்து, மாவு சலிக்கிற சல்லடையில் சலித்தது. இந்த முறை கரைக்கவில்லை. ஈரத் துவரை மேல் பொடியாகவே தூவி, கையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பிசறினேன். எல்லா மணியிலும் மெல்லிசாகச் சிவப்பு ஏறி, உள்ளங்கையில் அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். அதுதான் பதம். "மண்ணு உள்ள இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், தோலு தளர்ந்துக்கும்" என்றார் அத்தை. குவித்து, நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடி, மறுநாள் காலை வரை நிழலில் மூட்டம். அந்தக் குவியலுக்குள் சாயங்காலம் கையை விட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. ஈர மண் வாசனையும் பச்சைப் பயறு வாசனையும் சேர்ந்து வந்தது.

அப்புறம் மூன்று நாள் வெயில். இந்த முறை சிமெண்டுத் தரையிலேயே நேராகப் பரப்பினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலால் கிளறிவிடுவேன், பொழுது சாயக் குவித்து மூடுவேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கினால் சலசலவென்று கூழாங்கல் சத்தம் வந்தது. பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று இரண்டாகத் தெறித்தது. உடைக்கலாம் என்று அர்த்தம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்து மண்ணை உதிர்த்து, சலித்து எடுத்தோம்.

திருகையைச் சாக்கின் மேல் வைத்து அத்தையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சுற்ற, அவர் மேல்கல்லின் வாயில் துவரையைப் போட்டார். இங்கேயும் ஒரு பாடம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நன்றாக உடையும் என்றுதான் யாரும் நினைப்போம். குறைவாகப் போட்டால் கல் கல்லோடு உரசி, உள்ளே போனது மாவாகிவிடுகிறது. கை நிறையப் போட்டால் பயறே மேல்கல்லைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது, மணிகள் உருண்டுகொண்டே போய்ப் பிளக்கின்றன. ஒரு சுற்றுக்கு இத்தனை என்று அத்தையின் கைக்குக் கணக்கு தெரிந்திருந்தது. அவர் திருகையில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சுற்றும் சத்தம் கரகரவென்று மாறினாலே, நான் கவனிப்பதற்குள் அவர் கை போட்டுவிடும்.

கல்லின் விளிம்பைச் சுற்றி மஞ்சளாகப் பருப்பு கொட்டத் தொடங்கியபோது நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். பாக்கெட்டில் பார்க்கிற வழவழப்பு மஞ்சள் இல்லை. சற்று மங்கல், அங்கங்கே செம்மண் சாயல். ஒரு பருப்பைத் திருப்பிப் பார்த்தால் தட்டையான உள்பக்கத்தில் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் முளைக்குருத்து உடைந்து விழுந்த இடம் சின்ன வெட்டாகத் தெரிந்தது. நாம் பருப்பு என்று சொல்வது ஒரு செடியாக வேண்டிய விதையின் இரண்டு பாதி என்று பள்ளியில் படித்ததுதான். அன்றைக்குத்தான் விரல் நுனியில் தெரிந்தது.

முறத்தில் புடைத்துத் தோலைப் பறக்கவிட்டு, தோல் போகாத முழுசுகளைப் பொறுக்கி மறுபடி ஒருமுறை உடைத்தோம். முறத்தில் புடைக்க எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, அத்தைதான் புடைத்தார். கடைசியில் எடை போட்டது: நல்ல பருப்பு 3 கிலோ 600 கிராம், குருணை 650 கிராம், மீதி தோலும் தூசும். தோலைப் பால் கொடுக்கிற அக்காவின் மாட்டுக்குக் கொடுத்தோம். துவரம் பொட்டு என்றால் மாடு விட்டுவைக்காது.

பெரிய மில்லில் மண் கட்டுவதில்லை. அங்கே சொரசொரப்பான உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தோலில் கீறல் போட்டு, கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டு, காயவைத்து, திரும்பத் திரும்ப உருளையில் விட்டு எடுக்கிறார்கள். அதற்கு மேல் பளபளப்புக்காகத் தண்ணீரோ எண்ணெயோ தொட்டு மெருகேற்றுவதும் உண்டு. விருதுநகர் மில் ஒன்றில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் இதைச் சொன்னார். பளபளப்பால் ருசிக்கு ஒன்றும் கூடுவதில்லை, கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்குத்தான் என்றும் சொன்னார். நாங்கள் மெருகில்லாத பருப்பு கேட்டு வாங்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

சமையலுக்கு வருவோம். முதல் தடவை சாம்பார் வைக்கவில்லை. பருப்பின் ருசி தனியாகத் தெரிய வேண்டும் என்று பருப்பு மட்டும் கடைந்தேன். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது, முதல் தண்ணீர் நல்ல சிவப்பு. வழக்கமாக வைக்கிற மூன்று விசிலில் நடுவில் வேகாமல் நின்றது. மண் கட்டிய பருப்பு வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், இது அதன் குணம். அரை மணி ஊறவைத்து, ஐந்து விசில் விட்டால் குழைந்துவிடுகிறது. பூண்டு, சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய், உப்பு. மத்தால் கடைந்து, கேழ்வரகுக் களியோடு சாப்பிட்டோம். பருப்பில் இயல்பாகவே ஓர் இனிப்பு இருக்கிறது. வறுத்தது போன்ற மெல்லிய வாசனையும் இருக்கிறது. என் பையன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டான், எனக்கு அது போதுமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கணக்குப் போட்டேன். ஊறும் நேரம், காயும் நேரம் போக, எங்கள் இரண்டு பேர் கை வேலை மட்டும் சேர்த்து 14 மணி நேரம், 3 கிலோ 600 கிராம் பருப்புக்கு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள் இது. அத்தையிடம், இதையெல்லாம் விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டுச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மில்லு வந்தப்ப நாங்க எவ்ளோ சந்தோஷப்பட்டோம் தெரியுமா கண்ணு? பகல்ல காட்டு வேலை, ராத்திரி ஏந்திரம். உன் மாமாவோட அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் வலது தோள் தூக்க வரல. இதை நீ ஆசைக்குச் செய்யற. நாங்க செய்யலைன்னா அடுத்த நாள் குழம்பு இல்ல."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தோள் வலிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலையை மில்லுக்குக் கொடுத்தபோது, செடி எப்படி இருக்கும், எந்தப் பட்டத்தில் விதைப்பார்கள், எந்த வண்டு எப்போது வரும் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். ஆடியில் விதைத்துத் தையில் அறுக்கிற செடி, ஆறு மாதம் காட்டில் நிற்கிறது. கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் நடுவில் சால் போட்டு விதைக்கிறார்கள், உதிர்ந்த இலை அந்த நிலத்துக்கே உரமாகிறது, காய்ந்த மிளார் கூடை பின்னவும் அடுப்பெரிக்கவும் ஆகிறது. இதைத் தெரிந்துகொள்ளத் தோள் நோக வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அந்த 10 கிலோவை வாங்கி உட்கார்ந்த பிறகுதான் கேட்கவே தோன்றியது. இப்போது கடையில் அண்ணாச்சியிடம் இந்த ஈடு எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறேன். அவரும் மூட்டை வரும்போது விசாரித்து வைக்கத் தொடங்கியிருக்கிறார்.

மாதாமாதம் உடைக்கப்போவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி வெயிலில், 10 கிலோ. அடுத்த முறை ஊறவைப்பதை 7 மணி நேரமாகக் குறைத்துப் பார்க்க வேண்டும், குருணை குறைகிறதா என்று தெரியும். கைப்பிடி சற்று உயரமாக இருந்தால் நின்றபடி சுற்றலாம், மேடை மாதிரி ஒன்று கட்டிக் கல்லை அதன்மேல் வைக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். அத்தையும் அதற்குச் சம்மதித்தார்.

மீதி 2 கிலோவை உடைக்கவில்லை. அதை ஊறவைக்காமல், மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துச் செம்மண் பூசி, நன்றாகக் காயவைத்துப் பானையில் போட்டு வைத்திருக்கிறேன். வண்டு வராமல் விதையை இப்படித்தான் வைப்பார்களாம். போச்சம்பள்ளி அண்ணன் ஆடியில் தன் கடலைக்காட்டு வரப்போரம் இரண்டு சால் எங்களுக்கென்று விடுவதாகச் சொல்லியிருக்கிறார். விதையை நீங்களே வந்து போடுங்கள் என்றார்.